பவுனம்மாள் மிஸ்ஸியும் கன்னையாவின் விரதமும்

பவுனம்மாளுக்கு வாய் கொஞ்சம் நீளம். அதை அவளே ஒப்புக்கொள்வாள். கிள்ளான் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து, கல்யாணமான மறுவருஷமே கணவனைக் காய்ச்சலுக்குப் பறிகொடுத்து, தோட்ட ஆஸ்பத்திரியில் ஆயாவாகச் சேர்ந்து, காயத்துக்கு மருந்து கட்டும் டிரஸ்ஸரின் கையைப் பார்த்துப் பார்த்தே வேலை கற்று, கோலாலம்பூருக்கு வந்து பரீட்சை எழுதி நர்ஸ் தொப்பி வாங்கியவள். இத்தனை தூரம் தனியாக வந்தவளுக்கு வாய் இல்லாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

அந்த வாய்தான் அவளைப் பின்கொட்டகைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது. பிரிக்பீல்ட்ஸில் சில தோட்டங்கள் சேர்ந்து நடத்திய சின்ன ஆஸ்பத்திரி அது. ஒருநாள் ஒரு தோட்டத்துத் துரைசானி நாய்க்குட்டியோடு வார்டைப் பார்க்க வந்தாள். வந்தவள் வயிறு கிழித்துத் தைத்த நோயாளியின் கட்டிலில் போய் உட்கார்ந்தாள். பவுனம்மாள், நாய் வெளியே நிற்கட்டும், துரைசானி நாற்காலியில் உட்காரட்டும் என்று மலாயில் சொன்னாள். தமிழில் சொல்லியிருந்தால் துரைசானிக்குப் புரிந்திருக்காது, பிழைத்திருப்பாள். மறுநாளே பின்கொட்டகைக்கு மாற்றல் வந்தது.

பின்கொட்டகை என்பது ஒரு காலத்தில் சூளைச் செங்கல் அடுக்கிவைத்த நீளமான கட்டடம். அங்கே இருபத்துச் சொச்சம் ஆண்கள் இருந்தார்கள். ஊரில் அதைப் பைத்தியக் கொட்டகை என்பார்கள். ஊர் வாய்க்கு என்ன, எதையும் சொல்லும். அவர்களில் ஒருவருக்கும் பைத்தியம் கிடையாது. உடம்பு வளர்ந்த வேகத்துக்குப் புத்தி வளராமல் போனவர்கள், அவ்வளவுதான். தாய் தகப்பன் இருந்தவரை தோட்டத்து லயத்து வீடுகளில் கிடந்தார்கள். அவர்கள் போன பிறகு எங்கே வைப்பது என்று தெரியாமல் இங்கே கொண்டுவந்து விட்டுவிட்டார்கள்.

கொட்டகைக்கு அதுவரை காவல்காரன் பக்கிரிசாமிதான் ராஜா. இடுப்பில் சாவிக்கொத்து, வாயில் வெற்றிலை, சுவரில் ஓர் ஆணி, ஆணியில் கயிறு. யாராவது முரண்டு பிடித்தால் கட்டிப்போடுவான். கெட்டவன் என்று சொல்ல முடியாது. அவனுக்குக் கற்றுக்கொடுத்தது அவ்வளவுதான். பவுனம்மாள் வந்த முதல் நாள் அந்தக் கயிற்றைப் பார்த்தாள். அன்றைக்கு அவள் சோறு தின்னவில்லை. தண்டனைக்கு வந்த இடம் என்பது அதோடு அவளுக்கு மறந்துபோனது.

ஆஸ்பத்திரியின் வெள்ளைக்கார டாக்டர் துரையிடம் போய் நின்றாள். தோட்டங்களில் சுற்றிச் சுற்றித் தமிழும் மலாயும் கலந்து பேசப் பழகிய மனிதர் அவர். நர்ஸ் பயிற்சிக்கு வருகிற பெண்களைச் சில மாதம் தன் கொட்டகைக்கு அனுப்ப வேண்டும் என்று கேட்டாள்.

"அங்கே நர்ஸுக்கு என்ன வேலை? நோய் இல்லை, மருந்து இல்லை. ஜாகா போதும்," என்றார் அவர். ஜாகா என்றால் காவல்காரன்.

"நோய் வராதுன்னு யாரு சொன்னா தொரை? வந்தா சொல்லத் தெரியாது அவங்களுக்கு. அதனாலதான் நர்ஸு வேணும்ங்கிறேன்."

துரை யோசித்தார். கடைசியில் நான்கு பெண்களைத் தருவதாகச் சொன்னார். தைப்பூசத்துக்கு முன்னால் தானே வந்து பார்ப்பதாகவும், உருப்படியாக ஏதாவது நடந்திருந்தால் வருஷா வருஷம் பெண்கள் வருவார்கள் என்றும், இல்லாவிட்டால் கொட்டகை பழையபடி பக்கிரிசாமி கைக்குப் போய்விடும் என்றும் சொன்னார். பவுனம்மாள் சரி என்று தலையாட்டிவிட்டு வெளியே வந்தாள். ஆணியில் தொங்கும் கயிறுதான் அவள் கண்ணுக்குள் நின்றது.

நான்கு பெண்களும் அழுதுகொண்டே வந்து சேர்ந்தார்கள். ஆப்பரேஷன் அறையைப் பார்ப்போம் என்று கனவு கண்டவர்களைக் கொட்டகைக்கு அனுப்பினால் அழாமல் என்ன செய்வார்கள்? அவர்களில் ஸ்டேஷன் கிளார்க்கின் மகள் சீதாலெட்சுமிக்கு இங்கிலீஷ் பள்ளிக்கூடத்துப் படிப்பு, எதிலும் முதலில் கை நீட்டுவாள். கிள்ளான் தோட்டத்துக் கங்காணி மகள் வீரம்மா கடைசியில்தான் கை நீட்டுவாள், அதையும் பாதியில் இறக்கிவிடுவாள். மற்ற இருவருக்கும் ஊர் சாலாக் செலாத்தான் பக்கம், ஒருத்தி அழுதால் இன்னொருத்தியும் அழுவாள்.

முதல் நாளே சீதாலெட்சுமி மளமளவென்று போய்க் கன்னையாவின் கையைப் பிடித்து நகம் வெட்டப் பார்த்தாள். கன்னையாவுக்கு முப்பது வயதுக்கு மேல் இருக்கும். நல்ல ஆகிருதி. பேச்சு என்று பார்த்தால் 'தா', 'போ' இரண்டும்தான். அவன் ஒரு தள்ளு தள்ளினான். சீதாலெட்சுமி கஞ்சிப் பானைமேல் போய் விழுந்தாள். பக்கிரிசாமியின் கை தானாக ஆணிப் பக்கம் போனது.

"கையை எடு பக்கிரி," என்றாள் பவுனம்மாள். கஞ்சி வழிய எழுந்து நின்ற சீதாலெட்சுமியைக் கழுவிக்கொண்டு வரச் சொன்னாள். அவள் கழுவிக்கொண்டு நிற்கும்போது ஓசைப்படாமல் பின்னால் போய் அவள் மணிக்கட்டைப் பற்றினாள். சீதாலெட்சுமி வீலென்று கத்தினாள்.

"ஏம்மா கத்துற? நான்தானே?"

"சொல்லாம கொள்ளாம புடிச்சா பயமா இருக்காதாக்கா?"

"இருக்கும்ல? அவனுக்கும் அதே பயம்தான். முன்னால போயி நில்லு. என்ன செய்யப் போறேன்னு சொல்லு. அப்புறம் தொடு."

அதுதான் அவள் பாடம். அதற்குப் புத்தகம் கிடையாது. அடுத்த பாடம் இன்னும் மோசம். அவர்களுக்கு என்ன செய்தாலும், அதை முதலில் அவர்கள் கண்முன்னால் தனக்குச் செய்துகொள்ள வேண்டும். நகம் வெட்டுவதா, முதலில் உன் நகம். தலை வாருவதா, முதலில் உன் தலை. பார்த்தால் பயம் தெளியும் என்பாள். இதெல்லாம் சரிதான். ஆனால் விளக்கெண்ணெய் கொடுக்க வேண்டிய நாளும் ஒன்று வந்தது. நான்கு பெண்களும் வரிசையாக நின்று ஆளுக்கொரு கரண்டி விழுங்கினார்கள். அன்றைக்குப் பாதிப் பாடம் கக்கூஸ் வாசலில் நடந்தது. அதற்குப் பிறகு கொட்டகையில் யாருக்கு விளக்கெண்ணெய் வேண்டும் என்று கேட்டாலும், வாழைப்பழம் கொடுத்துப் பார்க்கலாமே அக்கா என்று நான்கு பேரும் ஒரே குரலில் சொன்னார்கள்.

மாலையில் கோப்பிக் குவளையோடு எல்லோரையும் வட்டமாக உட்கார வைப்பாள். ஆளுக்கு ஐந்தாறு பேரைப் பிரித்துக் கொடுத்திருந்தாள். கேள்வி தினமும் ஒன்றேதான்.

"இன்னைக்கு யாரு வழக்கத்துல என்ன மாறுச்சு?"

ஒன்றும் மாறவில்லை என்று சொல்லித் தப்பிக்க முடியாது. ஒன்றும் மாறவில்லை என்றால் என்னவெல்லாம் மாறவில்லை என்று சொல்ல வேண்டும். யார் எந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுத்தான், யார் யாரோடு உட்கார்ந்தான், யாருக்குக் கழிச்சல், யார் சோற்றில் கறிவேப்பிலையை எடுத்துப் போடாமல் தின்றான் என்று எல்லாம் வேண்டும். வாயால் சொல்லத் தெரியாதவன் வழக்கத்தால் சொல்லுவான் என்பது அவள் எண்ணம். சீதாலெட்சுமி மணிமணியாக ஒப்பிப்பாள். வீரம்மா மென்று விழுங்குவாள். அவளிடம் பவுனம்மாள் படாத பாடு பட்டாள். கொஞ்சம் வேகம் போதாதா பெண்ணே என்று தலையில் அடித்துக்கொள்வாள்.

கன்னையா இருந்தது வீரம்மாவின் பங்கில். அவன் வழக்கம் கொட்டகைக்கே தெரியும். சாப்பிட்டு முடித்ததும் தகரத் தட்டைக் கவிழ்த்துவைத்துத் தட்டுவான். கோயில் மேளக்காரன் தோற்றான். சத்தம் ரயில்வே குவாட்டர்ஸ் வரைக்கும் கேட்கும். பக்கிரிசாமிக்குத் தலைவலி, ஊருக்குச் சாப்பாட்டு நேரம் தெரிந்துவிடும்.

இப்படிப்பட்ட கன்னையா சாமியான கதையைச் சொல்லியாக வேண்டும்.

ரப்பர் விலை விழுந்து, எல்லா இடத்திலும் ஆளைக் குறைத்துக்கொண்டிருந்த காலம் அது. குவாட்டர்ஸில் இருந்த இராஜம்மாவின் புருஷன் ரயில் எஞ்சினில் கரி தள்ளுகிறவன். அவனுக்கும் வேலை போயிற்று. இராஜம்மா வடை சுட்டு விற்க ஆரம்பித்தாள். ஒருநாள் வடைக்கூடையை இறக்கிவைத்துவிட்டு, கொட்டகையின் கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு அழுதாள். உள்ளே நின்ற கன்னையா வேலி இடுக்கில் கையை விட்டு அவள் தலைமேல் வைத்தான். தலையில் இருந்த மல்லிகைக்குத்தான் கை நீட்டினான் என்பது பவுனம்மாளின் கட்சி. அது எப்படியோ, அந்த வாரமே புருஷனை மறுபடி வேலைக்குக் கூப்பிட்டுவிட்டார்கள்.

போதாதா? கன்னையா சாமி ஆகிவிட்டான். இராஜம்மா தினமும் கற்கண்டு கொண்டுவந்து வேலி வழியாக அவன் வாயில் போட்டாள். அவளைப் பார்த்து மற்ற பெண்களும் வந்தார்கள். கற்கண்டு, பேரீச்சம்பழம், வெல்ல உருண்டை, தேங்காய் எல்லாம் வந்தது. இனிப்பைச் சாமி தின்றது. தேங்காயைப் பக்கிரிசாமி வீட்டுக்குக் கொண்டுபோனான். அவன் வீட்டில் அந்த மாதங்களில் சட்னிக்குக் குறைவே இல்லை. பவுனம்மாள் கண்ணில் பட்டபோதெல்லாம் விரட்டினாள். அவள் தலை மறைந்ததும் திரும்பி வந்தார்கள்.

"சாமியை ஏன் மிஸ்ஸி எங்ககிட்டேருந்து மறைக்கிறீங்க?" என்று ஒருநாள் இராஜம்மா கேட்டாள். நர்ஸை அந்த ஊரில் மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவார்கள்.

"சாமின்னு சொல்லிட்டா அப்புறம் அவனுக்கு ஒரு கோபம் வரக்கூடாது, ஒரு வயித்து வலி வரக்கூடாது. மனுசனா இருக்க விடுங்கம்மா அவனை," என்றாள் பவுனம்மாள். நன்றாகத்தான் சொன்னாள். சொன்னதைத் தானும் காதில் வாங்கியிருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும்.

தை பிறந்தது. பத்துமலைக்குக் காவடி எடுப்பவர்கள் விரதம் தொடங்கினார்கள். குவாட்டர்ஸில் மீன் வாசனையே இல்லாமல் போனது. அந்தச் சமயத்தில் கன்னையாவிடம் ஒரு மாற்றம் வந்தது. தட்டு அடிப்பது நின்றது. சோற்றைத் தொட்டுவிட்டுத் தள்ளினான். கஞ்சித் தண்ணீரை மட்டும் குடித்தான். சுவரோரம் போய்க் கண்ணை மூடி உட்கார்ந்துகொண்டான். யாரையும் தள்ளவில்லை, எதையும் பிடுங்கவில்லை.

வேலிக்கு அந்தப் பக்கம் செய்தி தீயாய்ப் பரவியது. கன்னையா சாமி தைப்பூசத்துக்கு விரதம் இருக்கிறதாம். யாரும் சொல்லிக்கொடுக்காமலே நாள் தெரிந்திருக்கிறதாம். பெண்கள் கூட்டம் இரண்டு பங்கானது. கற்கண்டைச் சாமி வாங்கவில்லை என்றதும் பக்தி இன்னும் கூடியது.

வேலிக்கு இந்தப் பக்கம் பவுனம்மாள் வேறொரு கணக்குப் போட்டாள். இத்தனை மாதம் பட்ட பாடு வீண்போகவில்லை, பயிற்சிப் பெண்களின் பக்குவத்தில் கன்னையா அடங்கிவிட்டான் என்று நினைத்தாள். துரை வந்து பார்க்கப் போகிற வாரம் வேறு. அவளுக்கு உள்ளூர ஒரே குளிர்ச்சி. வேலியோரப் பெண்களைக் குறை சொல்லி என்ன? விரதம் என்று நம்புவது ஒரு மூடத்தனம், என் சாமர்த்தியம் என்று நம்புவது இன்னொன்று.

அன்று மாலை வட்டத்தில் வழக்கமான கேள்வியைக் கேட்டாள். வீரம்மா கை நீட்டினாள். பாதியில் இறக்கவில்லை.

"கன்னையா தட்டு அடிக்கலக்கா."

"நல்லதுதானே?"

"இல்லக்கா. வயிறு நெறைஞ்சு சந்தோசமா இருந்தாத்தான் தட்டுவான். இப்ப அவன் அமைதியா இல்ல. ஒடுங்கிப் போயிருக்கான். என்னமோ சரியில்ல."

"காய்ச்சல் இருக்கா?"

"லேசா சுடுற மாதிரி இருக்கு."

"இந்த வெயில்ல எனக்குந்தான் சுடுது. ஏம்மா, அவன் ஆடுனா ஆடுறான்னு வர்றீங்க, அடங்குனா அடங்கிட்டான்னு வர்றீங்க. தொரை வர்ற நேரத்துல ஆளைக் கெளப்பி விடாத," என்றாள் பவுனம்மாள்.

வீரம்மா எழுந்துபோய்க் கன்னையாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். மற்றவர்கள் பாத்திரம் கழுவி முடிக்கும்வரை அவள் அங்கேயே இருந்ததைப் பவுனம்மாள் பார்த்தாள். பார்த்தும் எழுந்து போகவில்லை.

துரை சொன்னபடி வந்தார். கொட்டகை கண்ணாடிமாதிரி இருந்தது. எல்லோருக்கும் சவரம் செய்து வெள்ளைச் சட்டை போட்டிருந்தார்கள். துரை ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டு வந்தார், தலையசைத்தார். பவுனம்மாளுக்குக் கால் தரையில் பாவவில்லை. கன்னையாவிடம் வந்ததும் வாய் சும்மா இருக்கவில்லை.

"முன்னால யாரையும் கிட்ட விடமாட்டான் தொரை. இப்பப் பாருங்க," என்று சொல்லிக்கொண்டே, பக்கவாட்டிலிருந்து கையை நீட்டி, அவன் கன்னத்தைத் தட்டினாள்.

முன்னால் போய் நிற்கவில்லை. சொல்லவில்லை. தொட்டுவிட்டாள். பிள்ளைகளுக்கு முதல் நாள் சொன்ன பாடத்தை வாத்தியாரம்மாவே துரை முன்னால் மறந்தாள்.

கன்னையா அலறினான். அப்படியொரு அலறலை அந்தக் கொட்டகை கேட்டதில்லை. அவள் கையைப் பிடித்துக் கடித்தான். ரத்தம் வெள்ளை உடுப்பில் வழிந்தது. அடுத்தாற்போல் தன் தலையைச் சுவரில் மோத ஆரம்பித்தான். சாலாக் செலாத்தான் பெண்கள் இருவரும் அழத் தொடங்கினார்கள். மற்றவர்களும் மிரண்டு கத்தினார்கள். சீதாலெட்சுமிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

"பக்கிரிசாமி," என்றார் துரை. வேறொன்றும் சொல்லவில்லை. பக்கிரிசாமி கயிற்றோடு வந்தான்.

வீரம்மா கன்னையாவுக்கும் சுவருக்கும் நடுவில் புகுந்து உட்கார்ந்தாள். அவன் தலை அவள் தோளில் மோதியது. அவள் நகரவில்லை. பவுனம்மாளைத்தான் பார்த்தாள்.

அந்தப் பார்வையில் பவுனம்மாளுக்கு எல்லாம் விளங்கியது. பெண் சரியாகப் பார்க்கவில்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், துரையிடம் தன் பெயர் தப்பிக்கும். கயிறு கட்டட்டும் என்று விட்டாலும் தப்பிக்கும். உண்மையைச் சொன்னால் கொட்டகையே போய்விடலாம். அவள் பக்கிரிசாமியின் முன்னால் போய் நின்றாள்.

"தப்பு என்னோடது தொரை. இவனுக்கு எங்கேயோ வலி. இந்தப் பொண்ணு சொல்லிச்சு. நீங்க வர்ற நேரத்துல எதுக்குன்னு நான்தான் கேக்கல. நல்லா அடங்கிட்டான்னு பெருமைப்பட்டேன். கன்னத்தைத் தொட்டதும் அலறுனான். வாயைப் பாருங்க தொரை, கட்டறது அப்புறம் இருக்கட்டும்."

துரைக்கு எரிச்சல். "எப்படிப் பார்ப்பது? என் விரலையும் கடிக்கவா?"

"எங்க வழியில பாருங்க," என்றாள். கைக்குத் துணி சுற்றிக்கொண்டு கன்னையாவின் எதிரில் தரையில் உட்கார்ந்தாள். வீரம்மா அவன் முதுகைத் தடவிக்கொண்டே ஏதோ முணுமுணுத்தாள். மோதல் குறைந்தது. பவுனம்மாள் அவனுக்குத் தெரியும்படி வாயைத் திறந்தாள். துரை வேறு வழியில்லாமல் குனிந்து டார்ச் லைட்டை அடித்து அவள் வாய்க்குள் பார்த்தார். அடுத்து வீரம்மா திறந்தாள். அடுத்து சீதாலெட்சுமி. கன்னையாவின் கண் டார்ச்சோடு போய்ப் போய் வந்தது. "பக்கிரி, நீயும் உக்காரு," என்றாள் பவுனம்மாள். பக்கிரிசாமி கயிற்றைக் கீழே போட்டுவிட்டு உட்கார்ந்து, வெற்றிலைக் காவி ஏறிய வாயைத் துரைக்கு முன்னால் ஆவென்று திறந்தான். வாழ்நாளில் அவன் அப்படியொரு சங்கடப்பட்டதில்லை. துரை முகத்தைச் சுளித்தாலும் பார்த்துவைத்தார்.

"இப்ப உன் முறை கன்னையா. தொரை லைட்டு அடிப்பாரு. தொட மாட்டாரு," என்றாள் வீரம்மா.

கன்னையா வாயைத் திறந்தான்.

துரை நெடுநேரம் பார்த்தார். நிமிர்ந்தபோது அவர் முகம் மாறியிருந்தது. கடைவாய்ப் பற்கள் இரண்டு சொத்தையாகி அடியோடு அழுகியிருந்தன. ஈறு வீங்கிச் சீழ் பிடித்து, தாடைக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. இன்னும் கொஞ்சம் போயிருந்தால் விஷம் ரத்தத்தில் ஏறிப் பிழைத்திருக்க மாட்டான் என்றார்.

"பயங்கர சக்கிட்," என்றார். வலிக்கு அவர் வாயில் எப்போதும் மலாய் வார்த்தைதான். "இந்த வலியில் ஒரு மனிதன் இத்தனை நாள் எப்படி உட்கார்ந்திருந்தான்? இவனுக்கு யார் இவ்வளவு சீனி கொடுத்தது?"

பக்கிரிசாமி தரையைப் பார்த்தான்.

மரத்துப்போகும் மருந்து தடவி, துரை தாமே கீறிச் சீழை எடுத்தார். அப்போதும் ஒவ்வொன்றையும் முதலில் வீரம்மா தன் கன்னத்தில் வைத்துக் காட்டினாள், கத்தியைத் தவிர. கையை இறுகப் பிடித்துக்கொண்டது பக்கிரிசாமி. கயிற்றால் இல்லை, கையால். கன்னையா அழுதான், ஆனால் கடிக்கவில்லை. வீக்கம் வடிந்ததும் பல்லைப் பிடுங்கிவிடலாம் என்று சொல்லிவிட்டு, கொட்டகை விஷயத்தைத் தைப்பூசத்தன்று சொல்வதாகத் துரை கிளம்பிப் போனார். நல்லதாகவும் சொல்லவில்லை, கெட்டதாகவும் சொல்லவில்லை.

அன்று மாலை வட்டத்தில் பவுனம்மாள் கேள்வி கேட்கவில்லை. கோப்பியைக்கூடத் தொடவில்லை.

"வீரம்மா, நீ சொன்னே. நான் கேக்கல. நாலு பேரு முன்னால உன்னைத் திட்டுனேன், அதனால நாலு பேரு முன்னாலயே சொல்றேன். நீதான் நர்ஸு. நான் அன்னைக்கு நர்ஸா இல்ல," என்றாள். சொல்லும்போதே குரல் உடைந்தது. அவள் அழுது யாரும் பார்த்ததில்லை. சீதாலெட்சுமி என்ன செய்வதென்று தெரியாமல் தன் கோப்பியை அவள் பக்கம் நகர்த்தினாள். வீரம்மா, "ஆறிடும்க்கா, குடிங்க," என்று மட்டும் சொன்னாள்.

தைப்பூசத்தன்று பிரிக்பீல்ட்ஸே காலியாகிப் பத்துமலை ரயிலில் ஏறியது. காலையில் மஞ்சள் சேலையும் ஈரத் தலையுமாக இராஜம்மா வேலிக்கு வந்தாள். கையில் மாலை, தட்டில் கற்கண்டு. மலைக்குப் போகும்முன் சாமியிடம் உத்தரவு வாங்க வந்திருந்தாள். புருஷனுக்கு எஞ்சின் டிரைவர் வேலை கிடைக்க வேண்டும் என்பது அவள் வேண்டுதல்.

அவளைக் கண்டதும் பவுனம்மாளுக்கு ரத்தம் கொதித்தது. நாலு வார்த்தை கேட்டுவிடலாம் என்றுதான் இறங்கிப் போனாள். வீரம்மா அவளுக்கு முன்னால் வேலிக்குப் போய்விட்டாள்.

"சாமி விரதம் முடிச்சிட்டாரா மிஸ்ஸி?" என்று கேட்டாள் இராஜம்மா.

"அது விரதம் இல்லக்கா. பல்லு அழுகி வாயெல்லாம் சீழு. மெல்ல முடியல, அதான் சாப்பிடல. இனிப்புத் தின்னு தின்னு வந்தது. தொரை கீறி எடுத்தாரு. இப்பத் தேவல," என்றாள் வீரம்மா. குரலில் குத்தல் எதுவும் இல்லை. கிள்ளானில் மழை என்று சொல்வதுபோலச் சொன்னாள்.

இராஜம்மா தட்டைப் பார்த்தாள். உள்ளே பாயில் உட்கார்ந்திருந்த கன்னையாவைப் பார்த்தாள். ஒரு பக்கக் கன்னத்தில் இன்னும் வீக்கம் இருந்தது.

"நான் குடுத்ததுதானா?" என்றாள். "வலியில கெடந்திருக்கு. நான் பாட்டுக்கு வந்து நின்னு, அதைக் குடு இதைக் குடுன்னு கேட்டுட்டு இருந்திருக்கேனே. ஒரு நாளாவது உனக்கு என்னப்பான்னு கேக்கலையே."

வேலியைப் பிடித்துக்கொண்டு அழுதாள். பவுனம்மாள் கொண்டுவந்த நாலு வார்த்தையையும் விட்டுவிட்டாள். இவள் சொல்வதில் பாதி தனக்கும் பொருந்தும் என்று அவளுக்குத் தெரியும். வேலிக் கதவைத் திறந்துவிட்டாள். வெளியார் உள்ளே வரக்கூடாது என்பது கொட்டகைச் சட்டம். சட்டம் போகட்டும் என்று நினைத்தாள்.

இராஜம்மா தட்டையும் மாலையையும் வெளியே வைத்துவிட்டு உள்ளே வந்தாள். கால் கூசிக் கூசி வந்தாள்.

"இந்தத் தம்பிக்கு என்ன புடிக்கும் மிஸ்ஸி?" என்று கேட்டாள். சாமி போய்த் தம்பி வந்துவிட்டது.

பவுனம்மாள் வாயைத் திறந்தாள், மூடிக்கொண்டாள். "வீரம்மா, நீ சொல்லு," என்றாள்.

"யாராவது பக்கத்துல உக்காந்து பேசுனா புடிக்கும்க்கா. என்ன பேசுனாலும் சரி. எதுவும் கேக்காம பேசணும், அவ்வளவுதான். முன்னால போயி, உக்காரப் போறேன்னு சொல்லிட்டு உக்காருங்க."

இராஜம்மா சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். என்ன பேசுவதென்று முதலில் தெரியவில்லை. உளுந்து விலையைப் பற்றி ஆரம்பித்தாள். பாசார்க் கடைச் சீனன் கலப்படம் செய்கிறானோ என்ற சந்தேகத்துக்குப் போனாள். அங்கிருந்து எண்ணெய் காயும் பதம், புருஷனின் குறட்டை, பக்கத்து வீட்டுக்காரியின் கோழி என்று போய்க்கொண்டே இருந்தாள். கன்னையா நகர்ந்து அவள் பக்கமாகச் சாய்ந்துகொண்டான். மலைக்குப் போகிற முதல் ரயில் போயிற்று. இராஜம்மா எழுந்திருக்கவில்லை.

துரை வந்தது அப்போதுதான். மஞ்சள் சேலையைப் பார்த்து வாசலிலேயே நின்றுவிட்டார்.

"இது யார்?"

"வடை விக்கிற அம்மா தொரை. படிக்க வந்திருக்கு," என்றாள் பவுனம்மாள்.

துரை கொட்டகையைச் சுற்றிப் பார்த்தார். பக்கிரிசாமி சுவரோரம் ஒருவனுக்கு நகம் வெட்டிக்கொண்டிருந்தான். தன் கட்டைவிரல் நகத்தை முதலில் வெட்டிக் காட்டிவிட்டு வெட்டினான்.

"நான் இங்கே நர்ஸுக்கு வேலை இல்லை என்றேன்," என்றார் துரை. "அடுத்த மாதம் ஆறு பெண்கள் வருவார்கள். அதற்கு அடுத்த வருஷமும் வருவார்கள். அந்தப் பெண், வீரம்மா, பரீட்சை முடிந்ததும் இங்கேயே இருக்கட்டும். நீங்கள் இருவரும் சொல்லிக்கொடுங்கள்."

பவுனம்மாளுக்கு நன்றி சொல்ல வாய் வரவில்லை. அந்த வாய்க்கு அது புது அனுபவம். இனிமேல் இந்தப் பிள்ளைகளை ஒருவரும் கட்டமாட்டார்கள் என்று நினைத்தபோது அவளுக்குக் கண் நிறைந்தது, நெஞ்சு நிறைந்தது. சந்தோஷத்தை எங்கே வைப்பதென்று தெரியாமல் போய் எல்லோருக்கும் கோப்பி கலந்தாள்.

இராஜம்மா கிளம்பும்போது மதியம் ஆகிவிட்டது. மலைக்குப் போகவே இல்லை. வாசலில் நின்று, "நாளைக்கும் வரட்டுமா மிஸ்ஸி?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"வா," என்றாள் பவுனம்மாள். "கையில ஒண்ணும் கொண்டு வராத."